தொடுவதற்கு முன்னே இறக்கத்தில் நடக்கவிட்டுப் பாருங்கள்

கேள்வி: நான் இலங்கை மலையகத்தில் நோர்வூட் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள். இப்போது கோலாலம்பூரில் கைரோபிரக்டிக் (முள்ளந்தண்டையும் மூட்டுகளையும் கையால் அசைத்துச் செய்யும் சிகிச்சை) பட்டப்படிப்பு, மூன்றாம் வருடம். லீவுக்கு வீட்டுக்கு வந்தால் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) ஆட்கள் எல்லாரும் முழங்காலையும் குதிகாலையும் காட்டுகிறார்கள். எங்களுக்கு இதுவரை சொல்லித்தந்தது பெரும்பாலும் முதுகும் கழுத்தும்தான். கால் பாடத்தில் சோதனைகளின் பெயர்களே நாற்பதுக்குக் கிட்ட வருகின்றன. எதை எப்போது செய்வது என்று பிடிபடவில்லை. கொழுந்து எடுக்கும் எங்கள் பெரியம்மாவுக்கு மலை இறங்கும்போது முழங்கால் வலி. படுக்கவைத்துப் பார்த்தபோது ஒரு கால் கட்டையாகத் தெரிந்தது. தம்பிக்கு வொலிபோல் விளையாடிக் கணுக்கால் பிரண்டது. மூட்டைச் சட்டென்று இழுத்து அதைச் சொடக்கு எடுத்துவிடலாமா? மூட்டைத் தட்டிச் சரிசெய்ய என்று விற்கும் அக்டிவேட்டர் கருவி ஒன்று வாங்கவும் யோசிக்கிறேன். வழி சொல்லுங்கள்.

பதில்:

தங்கச்சி, சொடக்குக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்போது எடுக்க வேண்டாம். மருத்துவப் பின்னணி இல்லாமல் நம் துறைக்குள் வருகிறவருக்குக் குறைந்தது 4200 மணித்தியாலப் பயிற்சி வேண்டும், அதில் 1000 மணித்தியாலமாவது மேற்பார்வையின் கீழ் நோயாளிகளோடு இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2005இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. நீங்கள் அந்த ஆயிரத்தை இன்னும் முடிக்கவில்லை. லயத்து வாசலில் ஒருவரின் காலை இழுத்து ஏதாவது ஆகிவிட்டால், பக்கத்தில் ஆசிரியரும் இல்லை, எழுதிவைத்த குறிப்பும் இல்லை. தோட்டத்தில் கதை பரவும் வேகம் உங்களுக்குத் தெரியாததா? ஆனால் கேட்கலாம், பார்க்கலாம், சம்மதித்தால் அளந்து எழுதலாம். கால் விஷயத்தில் படிக்க வேண்டியதில் முக்கால்வாசி அதுதான், அதற்கு லீவு நல்ல நேரம்.

உங்கள் பாடத்தில் கால் பின்னுக்கு வருவதற்குக் காரணம் இருக்கிறது. 1895இல் அமெரிக்காவின் டாவன்போர்ட் நகரில் டி. டி. பாமர் இந்தத் துறையைத் தொடங்கியபோது கவனமெல்லாம் முள்ளந்தண்டில்தான் இருந்தது. கை கால் மூட்டுகள் பிற்பாடு ஒட்டிக்கொண்டவை. அதனால் முதுகில் பழகிய மாணவர்கள் காலைப் பார்த்ததும் 'எந்த மூட்டு அசையாமல் நிற்கிறது' என்றுதான் தேடுவார்கள். அந்தக் கேள்வி மூன்றாவதாக வரட்டும். இது நாம் பார்க்கக்கூடிய விஷயமா, ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியதா என்பது முதல் கேள்வி. இந்தக் கால் எந்த வேலையில் தோற்றுப்போகிறது என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் உங்கள் நாற்பது சோதனைகளில் நாலைந்துதான் மிஞ்சும்.

கெண்டைக்கால் வலியை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் பௌர்ணமியோடு சிவனொளிபாதமலை சீசன் தொடங்கினால், நல்லதண்ணிப் பக்கமிருந்து ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகளை ஏறி இறங்கியவர்கள் மறுநாள் கால் ஊன்ற முடியாமல் நிற்பார்கள். இரண்டு காலிலும் வலி, இரண்டாம் மூன்றாம் நாளில் கூடும், ஒரு வாரத்துக்குள் தானாக அடங்கும். இறங்கும்போது தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குவதால் வருவது அது. அதற்கு வைத்தியம் தேவையில்லை. சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனால் மட்டும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. தசை உடைந்து சிறுநீரகத்துக்குப் பாரமாகிறது என்று அர்த்தம்.

அதே இடத்தில் வலி, ஆனால் ஒரு காலில் மட்டும், வீக்கம், சூடு, அந்த ஆள் சமீபத்தில் சத்திரசிகிச்சை முடிந்து படுக்கையில் கிடந்தவர், அல்லது பிள்ளை பெற்றவர். இங்கே இரத்தக்கட்டி இருக்கலாம். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் தட்டுப்படும் முண்டிலிருந்து 10 சென்டிமீட்டர் கீழே இரண்டு கெண்டையையும் டேப்பால் சுற்றி அளந்து பாருங்கள். வித்தியாசம் 3 சென்டிமீட்டருக்கு மேல் போனால் அது பெரிய எச்சரிக்கை. அளவு குறைவாக வந்தது என்று மனதை ஆற்றிக்கொள்ளவும் வேண்டாம், சந்தேகம் வந்தாலே அனுப்பத்தான் வேண்டும். பாதத்தை மேலே மடக்கி வலிக்கிறதா என்று பார்க்கும் ஹோமன்ஸ் சோதனை உங்கள் புத்தகத்தில் இன்னும் இருக்கும். பரீட்சைக்குப் படியுங்கள், நம்பி முடிவெடுக்காதீர்கள். அந்தக் காலை உருவிவிடுவது மட்டும் யார் கேட்டாலும் கூடாது.

இன்னொருவருக்குக் காய்ச்சல், கண் சிவந்திருக்கிறது, கெண்டையை இலேசாக அமுக்கினாலே துடிக்கிறார். மழைக்காலம், சேற்றிலும் கானிலும் வெறுங்காலோடு நின்றவர். எலிக்காய்ச்சலை நினைக்காமல் அந்தக் காலைத் தொடவே கூடாது. நம் ஆட்கள் காய்ச்சலை ஒரு பக்கம், கால் வலியை ஒரு பக்கம் வைத்துத்தான் சொல்வார்கள். 'காய்ச்சல் இருந்ததா' என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

நடந்தால் வலி, நின்றால் போய்விடுகிறது என்று சொல்லும் வயதானவர்களிடம் மலை நமக்கு ஒரு சோதனையை இலவசமாகத் தந்திருக்கிறது. ஏற்றம் ஏறும்போது பிடித்து இழுத்து, நின்ற இடத்திலேயே இரண்டு மூன்று நிமிடத்தில் விட்டுவிட்டால் இரத்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம். பாதத்தின் மேலும் உட்கணுக்காலின் பின்னாலும் நாடியைத் தொட்டுப் பாருங்கள். மாறாக இறக்கத்தில் மோசமாகி, குனிந்தாலோ கல்லில் உட்கார்ந்தாலோதான் தணியும் என்றால் முள்ளந்தண்டுக் குழாய் ஒடுங்கியிருப்பதை நினையுங்கள். நிமிர்ந்து இறங்கும்போது அந்த ஒடுக்கம் இன்னும் இறுகும். சமதரை ஊர்களில் இதைக் கேட்டு அறிவது கஷ்டம். இங்கே 'ஏறும்போதா, இறங்கும்போதா' என்ற ஒரே கேள்வி போதும்.

அப்புறம் கிளினிக் கொப்பி. யாராவது காலைக் காட்டினால் கொப்பியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். சீனி வருத்தம் எத்தனை வருடமாக என்று அதில் இருக்கும். அப்படியானவரின் பாதத்தை 10 கிராம் மொனோபிலமென்ட்டால் (உணர்ச்சி பார்க்கும் மெல்லிய நைலோன் இழை) தொட்டு உணர்ச்சி பார்க்காமல் எந்த உடற்பயிற்சியும் சொல்லாதீர்கள். நீண்ட காலம் பிரட்னிசலோன் எடுத்தவரின் எலும்பு பலவீனமாக இருக்கலாம். அண்மையில் சிப்ரொபுளொக்சசின் எடுத்தவருக்குக் குதிகாலின் பின் தசைநாண் வலித்தால் அந்த மாத்திரையையே சந்தேகிக்க வேண்டும். இன்னொன்று: 10 முதல் 16 வயதுக்குள் ஒரு பிள்ளை முழங்கால் வலி என்று நொண்டிக்கொண்டு வந்தால் முழங்காலை விட்டுவிட்டு இடுப்பு மூட்டை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். அது திரும்பாமல் வலித்தால் தொடையெலும்பின் தலை சறுக்கியிருக்கலாம். அந்தப் பிள்ளையை ஊன்றவிடாமல் தூக்கிக்கொண்டு போய் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

சரி, பெரியம்மாவுக்கு வருவோம். அவரைப் படுக்கவைத்துத் தொடங்கியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. படுத்திருக்கும்போது அவருக்கு வலிக்கவில்லையே! மலையிலிருந்து இறங்கும்போதுதானே வலிக்கிறது? அங்கேதான் பார்க்க வேண்டும். மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் நேரம், லயத்துக்கு இறங்கும் படிக்குக் கீழே நின்றுகொள்ளுங்கள். இடுப்பில் சுற்றிக் கட்டியிருக்கும் படங்கை அவிழ்த்துவிட்டு, பாவாடையை முழங்கால் தெரியும் அளவுக்குச் செருகிக்கொண்டு இறங்கச் சொல்லுங்கள். பக்கத்தில் இன்னொரு பொம்பளை ஆள் இருக்கட்டும், ஆம்பிளைகள் நடமாடாத நேரமாகப் பாருங்கள். அனுமதி கேட்டுப் போனில் வீடியோ எடுங்கள்.

என்ன பார்க்க வேண்டும்? எந்தக் காலை முதலில் கீழே வைக்கிறார்? வலிக்கிற காலைத்தான் முதலில் இறக்குவார், ஏனென்றால் உடம்பைத் தாங்கி மெல்ல இறக்குகிற வேலை மேலே நிற்கும் காலுக்கு. மேலே நிற்கும் முழங்கால் கட்டைவிரல் பக்கமாக உள்ளே சாய்கிறதா? இடுப்பின் மறுபக்கம் தொய்ந்து விழுகிறதா? பாதத்தை நேராக வைக்காமல் பக்கவாட்டில் திருப்பி வைக்கிறாரா? குதிகால் சீக்கிரமே தரையை விட்டு எழும்புகிறதா? கை தொடையை அமுக்கிப் பிடிக்கிறதா? செருப்பையும் கழற்றித் திருப்பிப் பாருங்கள். பாட்டா செருப்பின் எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது என்பதில் பல மாத நடை பதிந்திருக்கும். படி இறங்கும்போது முழங்கால் சில்லின் பின்னால் விழும் அழுத்தம் சமதரை நடையைவிடப் பல மடங்கு. கொழுந்தின் பாரம் வேறு. தொடை முன் தசையும் இடுப்பின் வெளித் தசையும் அதைத் தாங்கப் போதாவிட்டால் முழங்கால் முறையிடத்தான் செய்யும்.

இதைப் பார்த்த பிறகுதான் சோதனைகள். ஒவ்வொன்றையும் ஒரு கேள்விக்காகச் செய்ய வேண்டும். வீங்கியிருக்கிறதா என்று சில்லை அமுக்கிப் பாருங்கள். மூட்டு ஓரக் கோட்டில் விரல் வைத்து உள்பக்கம் வலிக்கிறதா, வெளிப்பக்கமா என்று குறித்துக்கொள்ளுங்கள். 'கால் பூட்டிக்கொள்கிறது, நீட்ட முடியவில்லை' என்று சொன்னால் முழங்காலுக்குள் மெத்தைபோல் இருக்கும் சவ்வுக்கான மக்மரி சோதனை. விழுந்து முறுக்கி 'டக்' என்று சத்தம் கேட்டு உடனே வீங்கிய கால் என்றால் லாக்மன் சோதனை. முழங்காலுக்குள் குறுக்காக ஓடும் சிலுவை நார் அறுந்ததைக் கண்டுபிடிக்க முன்பக்கம் இழுக்கும் பழைய சோதனையைவிட அது நம்பகமானது. அப்படி எதுவும் நடக்காத பெரியம்மாவுக்கு லாக்மன் எதற்கு? இடுப்பு மூட்டைத் திருப்பிப் பார்ப்பதும், முழங்கால், கணுக்கால் அனிச்சை தட்டிப் பார்ப்பதும், பெருவிரலை எதிர்த்துத் தூக்கச் சொல்வதும் மட்டும் யாருக்கும் விடாதீர்கள். இடுப்பிலும் முதுகிலும் உள்ள கோளாறு முழங்காலில் வலியாக வருவது சாதாரணம்.

வயது நாற்பத்தைந்துக்கு மேல், வேலை செய்யும்போது வலி, காலையில் விறைப்பு அரை மணிக்குள் விட்டுவிடுகிறது என்றால் அது மூட்டுத் தேய்மானம் என்று எக்ஸ்ரே இல்லாமலே சொல்லலாம். விறைப்பு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நிற்கிறது, இரண்டு கையிலும் விரல் மூட்டுகள் வீங்குகின்றன என்றால் அது வாதச் சரவாங்கியாக இருக்கலாம், அனுப்புங்கள்.

கால் கட்டை விஷயம். குப்புறப் படுக்கவைத்துக் குதிகால்களைச் சேர்த்துப் பார்த்து 'இது கட்டை' என்று சொல்வது நம் துறையில் பழைய பழக்கம். நான் அதில் முடிவெடுப்பதில்லை. ஒரே ஆளை இரண்டு பேர் பார்த்தால் இரண்டு விதமாகச் சொல்வார்கள். படுத்திருப்பவர் கொஞ்சம் நெளிந்தாலே மாறிவிடும். சில மில்லிமீட்டர் வித்தியாசம் வலியில்லாத பெரும்பாலோருக்கும் உண்டு. உண்மையாகவே சந்தேகம் இருந்தால் நிற்கவைத்து, கட்டையாகத் தெரியும் காலின் கீழ் மெல்லிய பலகைகளை ஒவ்வொன்றாக வைத்து இடுப்பெலும்பு இரண்டும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை பாருங்கள். அதற்குப் பிறகும் பெரியம்மாவிடம் 'உங்களுக்கு ஒரு கால் கட்டை' என்று சொல்லாதீர்கள். அதை அவர் இருபது வருடம் சொல்லிக்கொண்டிருப்பார்.

தம்பியின் கணுக்காலுக்குக் கனடாவின் ஒட்டாவாவிலிருந்து 1992இல் வந்த ஒரு விதி இருக்கிறது. பணமும் கருவியும் தேவையில்லை. கணுக்கால் பகுதியில் வலியோடு, இருபக்க மொளியில் (கணுக்காலில் புடைத்து நிற்கும் எலும்பு) எந்தப் பக்கமாவது நுனியையோ அதிலிருந்து மேலே 6 சென்டிமீட்டர்வரை பின் விளிம்பையோ அமுக்கினால் எலும்பு வலிக்கிறதா? நடுப்பாதத்தில் வலி என்றால், சின்ன விரலுக்குப் போகும் நீள எலும்பின் அடியையும் பாதத்தின் உள்பக்கத்துப் படகெலும்பையும் அமுக்குங்கள். அடிபட்ட உடனேயும் இப்போதும் நான்கு எட்டு வைக்க முடியவில்லையா? இதில் ஒன்று இருந்தாலும் டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுங்கள். ஒன்றும் இல்லாவிட்டால் முறிவு இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கும், சீனியால் கால் மரத்துப்போனவர்களுக்கும், போதையில் விழுந்தவர்களுக்கும் இந்த விதியைப் போட்டு நிம்மதியாக இருக்க முடியாது. நார் அறுந்திருக்கிறதா என்று பாதத்தை முன்னே இழுத்துப் பார்ப்பதை அன்றைக்கே செய்யாதீர்கள். வீக்கமும் பயமும் இருக்கும்போது ஒன்றும் தெரியாது. நாலைந்து நாள் கழித்து அதே சோதனை தெளிவாகப் பேசும்.

வீக்கம் வடிந்த பிறகு இன்னொன்றை அளக்கலாம். சுவரைப் பார்த்து நிற்கவைத்து, குதிகால் எழும்பாமல் முழங்காலால் சுவரைத் தொடச் சொல்லுங்கள். பெருவிரலை எவ்வளவு தூரம் பின்னால் கொண்டுபோக முடிகிறது என்று டேப்பால் அளங்கள். ஒரு சென்டிமீட்டர் என்பது கணுக்காலில் சுமார் மூன்றரை பாகை. அடிபட்ட பக்கம் இரண்டு சென்டிமீட்டர் குறைந்தாலும் ஏற்றத்தில் அவனுக்குத் தெரியும்; பாதம் மடங்காததை முழங்காலும் முதுகும் சேர்ந்து ஈடுகட்ட வேண்டிவரும். இந்த இடத்தில்தான் நம் கைக்கு வேலை. பாதத்தின் மேலெலும்பைப் பின்னே தள்ளி அசைப்பதும், நீளவாட்டில் இழுத்துச் சொடக்கு எடுப்பதும் அந்த மடக்கத்தைக் கூட்டிக்கொடுக்கும். ஆய்வுகளும் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் கைச் சிகிச்சையை உடற்பயிற்சியோடு சேர்த்துச் செய்தால்தான் ஓரளவு நம்பிக்கை தருகின்றன. சொடக்கு எடுத்துவிட்டு ஒற்றைக்காலில் நிற்கப் பழக்காமல் அனுப்பினால் அடுத்த மெட்ச்சில் திரும்பவும் பிரளும். பல் விளக்கும்போது ஒற்றைக்காலில் நிற்கச் சொல்லுங்கள், பிறகு கண்ணை மூடிக்கொண்டு. அதை இன்றைக்கே தொடங்கலாம், உங்களுக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

சொடக்குச் சத்தம் மூட்டுத் திரவத்தில் வாயுக் குமிழி உண்டாவதால் வருவது. 'எலும்பு விலகியிருந்தது, இடத்தில் வைத்துவிட்டேன்' என்ற பேச்சை இப்போதே விட்டுவிடுங்கள். நம் ஊரில் அந்த வார்த்தைக்கு ஏற்கெனவே கிராக்கி அதிகம். முறிவு நெரிவு வைத்தியரிடம் எண்ணெய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வருகிறவர்களைத் திட்டவும் வேண்டாம். கட்டை அவிழ்க்கச் சொல்லி விரல்களின் நிறத்தையும் உணர்ச்சியையும் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் அதை மட்டும் சொல்லுங்கள். எதிர்த்துப் பேசினால் அடுத்த தடவை உங்களிடம் காட்டவே மாட்டார்கள்.

பெரியம்மாவுக்கு 'ஓய்வெடுங்கள்' என்று சொல்லிப் பிரயோசனம் இல்லை. வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் இல்லை, அதாவது நாட்கூலி இல்லை. அதனால் அந்தக் காலைத்தான் வேலைக்குத் தயார்ப்படுத்த வேண்டும். கதிரையில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழும்பி, மூன்று எண்ணும்வரை மெதுவாக உட்காரட்டும். பத்துப் பத்தாக மூன்று தரம், ஒன்றுவிட்ட நாள். அது இலகுவானதும் வாசல் படியில் தாழ்ந்த படி ஒன்றைத் தேடி, நல்ல காலால் தரையைத் தொட்டுத் திரும்பும் பயிற்சி. மேலே நிற்கும் முழங்கால் உள்ளே சாயாமல் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். வலி இலேசாக வந்து மறுநாள் காலைக்குள் அடங்கினால் பரவாயில்லை. மறுநாளும் நின்றால் எண்ணிக்கையைக் குறையுங்கள். மலையில் இறங்கும்போது நேர் இறக்கத்தை விட்டு வளைந்து வளைந்து, சின்ன எட்டாக. பாரத்தை இரண்டு தடவையாகக் கொண்டுபோக முடியுமா என்று கங்காணியிடம் கேட்டுப் பார்க்கலாம். மாற்றம் தெரிய ஆறு வாரமாவது ஆகும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

குதிகால் வலிக்கு நீங்கள் தனியாகக் கேட்கவில்லை, ஆனாலும் லயத்தில் அதுதான் நிறைய வரும். காலையில் முதல் எட்டு வைக்கும்போது குத்துகிறது என்றால் படியின் விளிம்பில் விரல்களுக்கு அடியில் சுருட்டிய துணி வைத்து, ஒற்றைக்காலில் மூன்று நொடி எழும்பி, இரண்டு நொடி நின்று, மூன்று நொடி இறங்குவது. டென்மார்க்கில் சோதித்துப் பார்த்த முறை இது. வெறும் இழுவைப் பயிற்சியைவிட மூன்று மாதத்தில் நன்றாகத் தெரிந்தது. ஒரு வருடத்தில் இரண்டும் ஒன்றுதான்.

மிச்ச லீவில் ஒரு வேலை செய்யுங்கள். கல்லூரியிலிருந்து கடிதம் வாங்கி, நுவரெலியாவிலோ கண்டியிலோ அரசாங்க ஆஸ்பத்திரியின் பிசியோதெரபிப் பிரிவில் பார்வையாளராக இருக்க அனுமதி கேளுங்கள். பிசியோகாரர்கள் நமக்குப் போட்டி என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருந்தால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். முறிவுக்குப் பிறகு ஒரு கால் திரும்ப நடக்கக் கற்றுக்கொள்வதை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். வீட்டில் வலியில்லாத கால்களையும் தொட்டுப் பழகுங்கள், வலியில்லாத மூட்டு எவ்வளவு விதமாக அசையும் என்று தெரியாமல் வலிக்கிற மூட்டைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

அக்டிவேட்டர் இப்போது வேண்டாம். அது ஸ்பிரிங் விசையால் தட்டும் கருவி. அதற்கென்று வைத்திருக்கும் முறையும் குப்புறப் படுக்கவைத்துக் கால் நீளம் பார்ப்பதில்தான் நிற்கிறது. அதைப் பற்றி என் அபிப்பிராயத்தை மேலே சொல்லிவிட்டேன். அந்தக் காசில் ஒரு தையல் டேப், அனிச்சை தட்டும் சுத்தியல், கோணமானி, அதிர்வு உணர்ச்சி பார்க்கும் 128 ஹேர்ட்ஸ் இசைக்கவை, மொனோபிலமென்ட் வாங்குங்கள், மிச்சம் வரும். நீங்கள் திரும்பிப் போனதும் பெரியம்மா படி இறங்குவதைத் தம்பி போனில் எடுத்து அனுப்பட்டும். ஆறாவது வாரம் அதே படியில் இன்னொன்று. இரண்டு வீடியோவையும் கதிரையில் எத்தனை தரம் எழும்பினார் என்ற கணக்கையும் உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். மாற்றம் இல்லாவிட்டால் எனக்கும் எழுதுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.